நீருக்குள் வேகமெடுக்கும் பொருளும் கூடவே கிளம்பும் தண்ணீரும்: கூடுதல் நிறை பற்றி ஒரு முழுமையான வழிகாட்டி

சேலம் அம்மாப்பேட்டையில் எங்கள் வீட்டு மாடியில் சாயங்காலம் இயற்பியல் டியூஷன் நடக்கும். ஒரு நாள் பதினொன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் போனை நீட்டினான். வீட்டு மீன் தொட்டிக்குள் டேபிள் டென்னிஸ் பந்தை அமுக்கிப் பிடித்து விட்டிருக்கிறான். ஸ்லோ மோஷனில் படமும் எடுத்திருக்கிறான். நோட்டில் கணக்கு தயாராக இருந்தது. பந்தின் நிறை 2.7 கிராம், விட்டம் 40 மி.மீ. பந்து ஒதுக்கும் தண்ணீர் 33.5 கிராம். ஆர்க்கிமிடீஸ் சொன்னபடி கழித்தால், 30.8 கிராமின் எடைக்குச் சமமான விசை மேல்நோக்கித் தள்ளுகிறது. அதை 2.7ஆல் வகுத்தால் முடுக்கம், புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல 11.4 மடங்கு.

“ராக்கெட் மாதிரி போயிருக்கணும் சார். ஆனா வீடியோல அப்படிப் போகலைங்க. கணக்கு தப்பா, வீடியோ தப்பா?”

கேட்டுவிட்டு, “தண்ணியோட இழுவைனால இருக்கும்ங்களா?” என்று பதிலையும் அவனே போட்டான். நல்ல ஊகம்தான், ஆனால் பொருந்தவில்லை. இழுவை விசை வேகத்தைப் பொறுத்தது. பந்தை விடும் அந்தக் கணத்தில் வேகம் பூஜ்யம், அதனால் இழுவையும் பூஜ்யம். வீடியோவிலோ பந்து முதல் ஃபிரேமிலிருந்தே சோம்பலாகத்தான் கிளம்புகிறது. கணக்கில் வேறொரு ஆளை விட்டுவிட்டான். பந்து மேலே போக வேண்டுமானால் அதன் தலைக்கு மேலிருக்கும் தண்ணீர் விலகிப் பக்கவாட்டில் சுற்றிக் கீழே வர வேண்டும். அந்தத் தண்ணீரும் அசையாமல்தான் நின்றுகொண்டிருந்தது. அதையும் யாராவது கிளப்பியாக வேண்டும், அந்தச் செலவு பந்தின் தலையில் விழுகிறது.

ஆங்கிலப் பாடநூல்கள் இதை ‘ஆடட் மாஸ்’ என்கின்றன. நான் கூடுதல் நிறை என்றே சொல்கிறேன். பள்ளிப் பாடத்தில் இது வருவதில்லை. கல்லூரியில் பாய்ம இயக்கவியல் படிப்பவர்களுக்கும் ஒரு பக்கத்தில் முடிந்துவிடும். அதனால்தான் படிப்படியாக எழுதுகிறேன்.

படி 1: எடையையும் நிலைமத்தையும் பிரியுங்கள்

கிணற்றில் கயிறு போட்டுத் தண்ணீர் சேந்தியவர்கள் கைக்கு இது ஏற்கெனவே தெரியும். வாளி நிரம்பித் தண்ணீருக்குள்ளேயே இருக்கும்வரை கயிற்றில் கனம் அவ்வளவாகத் தெரியாது. மெதுவாக இழுத்தால் இரண்டு விரலுக்கு வந்துவிடும். அதே வாளியை, இன்னும் தண்ணீருக்குள் இருக்கும்போதே, வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள். கயிறு உள்ளங்கையை அறுக்கும். எடை காணாமல் போயிற்று, ஆனால் நிலைமம், அதாவது வேகத்தை மாற்ற விடாமல் அடம்பிடிக்கும் குணம், அப்படியே இருக்கிறது.

வாளியில் இரண்டு சங்கதிகள் கலந்திருப்பதைக் கவனியுங்கள். ஒன்று வாளிக்குள் அடைபட்ட தண்ணீர். அது வாளியோடு போயே ஆக வேண்டும், அதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. மற்றது வாளிக்கு வெளியே, வாளியோடு எந்தச் சம்பந்தமும் இல்லாமல் இருந்த தண்ணீர். நமக்கு வேண்டியது இந்த இரண்டாவது கணக்குதான். அதைத் தனியாகப் பிடிக்க வாளியை விட்டுவிட்டுத் தட்டுக்குப் போகலாம்.

படி 2: எவர்சில்வர் தட்டைத் தண்ணீருக்குள் ஆட்டுங்கள்

சேலத்தில் எவர்சில்வர் தட்டுக்குப் பஞ்சமில்லை. 20 செ.மீ. விட்டமுள்ள, விளிம்பு அதிகம் மடியாத தட்டையான தட்டு ஒன்றை எடுங்கள். எங்கள் வீட்டுத் தட்டு கிட்டத்தட்ட 200 கிராம். அகலமான, ஆழமான டிரம்மில் தண்ணீர் நிரப்பிக்கொள்ளுங்கள். மேட்டூர்த் தண்ணீர் விடாத நாளுக்காக எல்லார் வீட்டிலும் ஒரு நீல டிரம் நிற்குமே, அது போதும்.

தட்டை நடு ஆழத்தில், பரந்த முகம் முன்னால் பார்க்கும்படி செங்குத்தாகப் பிடியுங்கள். இப்போது முன்னும் பின்னுமாகச் சின்னச் சின்ன வெட்டு: இரண்டு மூன்று சென்டிமீட்டர் தூரம்தான், ஆனால் சட்சட்டென்று. மணிக்கட்டில் ஒரு கனம் உட்காருவது தெரியும். அப்புறம் தட்டைத் திருப்பி, விளிம்பு முன்னால் போகும்படி அதே வெட்டு. கத்தி மாதிரி போகும். தட்டு மாறவில்லை, தண்ணீர் மாறவில்லை, கையும் மாறவில்லை.

எவ்வளவு கனம் என்று கணக்குப் போட்டால் முதல் தடவை நம்பிக்கை வராது. மெல்லிய வட்டத் தகடு தன் முகத்துக்குச் செங்குத்தாக நகரும்போது அதன் கூடுதல் நிறை: மூன்றில் எட்டு × நீரின் அடர்த்தி × ஆரத்தின் மும்மடி. ஆரம் 0.1 மீட்டர் என்றால் மும்மடி 0.001. அதை 1000ஆலும் 2.67ஆலும் பெருக்கினால் 2.67 கிலோ. 200 கிராம் தட்டு, தன் நிறையையும் சேர்த்து, கிட்டத்தட்ட 2.9 கிலோத் தட்டைப் போல நடந்துகொள்கிறது! டிரம்மின் சுவர் நெருக்கினால் இன்னும் கொஞ்சம் கூடும்.

இதில் ஒரு முக்கியமான பாடம் ஒளிந்திருக்கிறது. அந்தத் தட்டு ஒதுக்கும் தண்ணீர் வெறும் 25 மில்லி சொச்சம். மிதப்பு விசை பருமனைப் பார்க்கும், கூடுதல் நிறை வடிவத்தையும் போகும் திசையையும் பார்க்கும். ‘ஒதுக்கும் நீரில் பாதி’ என்று ஒரு வாய்பாட்டை மனப்பாடம் செய்து எல்லாவற்றுக்கும் போடுபவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். அந்தப் பாதி, கோளத்துக்கு மட்டும்.

படி 3: கோளத்துக்கு ஏன் பாதி என்று புரிந்துகொள்ளுங்கள்

ஆற்றல் வழியாகப் போவது சுலபம். பந்து ஒரு வேகத்தில் போகிறது என்றால் சுற்றியுள்ள தண்ணீரிலும் ஒவ்வொரு துளிக்கும் ஏதோ ஒரு வேகம் இருக்கும். பந்தை ஒட்டியிருக்கும் தண்ணீர் வேகமாக, தள்ளியிருப்பது மெதுவாக. உராய்வில்லாத நீர் என்று வைத்துக்கொண்டால், இந்த வேகம் பந்தின் மையத்திலிருந்து தூரத்தின் மும்மடிக்கு எதிர்விகிதத்தில் தேய்கிறது. ஆரத்தைப் போல இரண்டு மடங்கு தூரத்தில் எட்டில் ஒன்று, மூன்று மடங்கில் இருபத்தேழில் ஒன்று. இந்த எல்லாத் துளிகளின் இயக்க ஆற்றலையும் தொகையிட்டுக் கூட்டினால், பந்தின் பருமனில் பாதி அளவுத் தண்ணீர் பந்தின் வேகத்திலேயே போனால் எவ்வளவு ஆற்றல் இருக்குமோ அவ்வளவு வருகிறது. அதுதான் அந்தப் பாதி.

ஒரு தப்பான படத்தை இங்கேயே அழித்துவிடுங்கள். பந்தின் மேல் ஒரு தண்ணீர்த் தொப்பி ஒட்டிக்கொண்டு கூடவே பயணம் செய்வதில்லை. தொட்டியிலுள்ள தண்ணீர் முழுவதும் கொஞ்சம் கொஞ்சம் அசைகிறது. அதையெல்லாம் கூட்டி ஒரே எண்ணாகச் சொல்லும் கணக்குப்பிள்ளை வேலைதான் கூடுதல் நிறை.

இன்னொன்று. ஒரே வேகத்தில் நேராகப் போய்க்கொண்டிருக்கும் பொருளுக்கு இதனால் எந்தத் தடையும் கிடையாது. தண்ணீருக்குக் கொடுத்த ஆற்றல் அங்கேயே இருக்கிறது, புதிதாகச் செலவில்லை. வேகம் குறையும்போது தண்ணீர் அந்த ஆற்றலைத் திருப்பிக் கொடுத்துப் பொருளை முன்னால் தள்ளும். ஆகவே இது இழுவை இல்லை. இழுவை செலவு, இது கைமாற்று.

அடிக்கடி தேவைப்படும் இன்னும் சில வடிவங்களையும் குறித்துக்கொள்ளுங்கள். நீளமான உருளை குறுக்குவாக்கில் நகர்ந்தால் அது ஒதுக்கும் நீர் முழுவதும் கூடுதல் நிறையாகும். ஒல்லியான நீளப் பொருள் நுனி முன்னே போனால் மிகக் கொஞ்சம். கடலில் எண்ணெய்க் கிணற்று மேடைகளைத் தாங்கும் தூண்களில் அலை மோதும் விசையைக் கணக்கிடும் மோரிசன் சமன்பாடு 1950இல் வந்தது. அதில் ஒரு பாதி இழுவை, மறுபாதி இந்த உருளைக் கணக்கு.

படி 4: பந்தின் கணக்கைத் திருத்துங்கள்

விதி ரொம்பச் சின்னது. விசைகளில் கை வைக்காதீர்கள். மிதப்பு விசை அதேதான், எடை அதேதான். வகுக்கும் நிறையில் மட்டும் கூடுதல் நிறையைச் சேருங்கள்.

டேபிள் டென்னிஸ் பந்து: 33.5இல் பாதி 16.75 கிராம். பந்தின் 2.7ஐச் சேர்த்தால் 19.45. இனி 30.8ஐ 19.45ஆல் வகுங்கள்: 1.58. 11.4 மடங்கு எங்கே, ஒன்றரை மடங்கு எங்கே! பந்தே இல்லாமல் வெறும் காற்றுக்குமிழி என்றாலும் பெரிதாக ஒன்றும் கூடிவிடாது. குமிழியின் நிறையைப் பூஜ்யம் என்று வைத்தால், பள்ளிக் கணக்கில் முடுக்கம் முடிவிலிக்குப் போய்விடும். கூடுதல் நிறையைச் சேர்த்தால் சரியாக இரண்டு மடங்கு. எவ்வளவு லேசான பொருளாக இருந்தாலும் உருண்டையாக இருக்கும்வரை இதற்கு மேல் போக முடியாது.

எதிர்ப்பக்கம் பாருங்கள். எஃகுக் குண்டு, தண்ணீரைப் போல 7.85 மடங்கு அடர்த்தி. பழைய கணக்கில் கீழ்நோக்கிய முடுக்கம் 0.87 மடங்கு, திருத்திய பின் 0.82. ஆறு சதவீத வித்தியாசம்தான். கனமான பொருளுக்குக் கூடுதல் நிறை சில்லறை, லேசான பொருளுக்கு அதுதான் முதல்.

பையனின் வீடியோவுக்குத் திரும்புவோம். போன் நொடிக்கு 240 ஃபிரேம் எடுக்கிறது. ஐந்து ஃபிரேமில், அதாவது 0.021 நொடியில், பந்து எவ்வளவு ஏறியிருக்க வேண்டும்? இழுவையையும் சேர்த்தே கணக்குப் போட்டால், கூடுதல் நிறை இல்லாமல் சுமார் 15 மி.மீ., இருந்தால் 3 மி.மீ. சொச்சம். தொட்டிக்குப் பின்னால் ஒரு ஸ்கேலை ஒட்டி வைத்தால் கண்ணாலேயே தீர்ப்புச் சொல்லிவிடலாம். பந்தை அடிக் கண்ணாடியில் அமுக்கி வைத்து விடாதீர்கள். சுவர் பக்கத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்து வர இடமில்லாமல் கூடுதல் நிறை ஏறும். சுவருக்கும் பந்தின் மையத்துக்கும் நடுவே ஒரு விட்டம் அளவு இடைவெளி இருந்தாலே இந்த ஏற்றம் 5 சதவீதத்துக்குள் அடங்கிவிடும். விரலால் விடுவதும் சரிவராது, விரல் பிரியும்போது தண்ணீரைக் கலக்கும். பந்தில் மெல்லிய நூலை ஒட்டி, அடியில் கிடக்கும் கனமான நட்டின் ஓட்டை வழியாக மேலே கொண்டுவந்து, நூலை விட்டுவிடுங்கள்.

படி 5: வாளியில் ஊசல் கட்டி அளந்து பாருங்கள்

பந்தைவிட இது நம்பகமான சோதனை, செலவும் குறைவு. பழைய இரும்புக் கடையில் ஒரு அங்குல விட்டமுள்ள பேரிங் குண்டு கேட்டால் கிடைக்கும். பசை வைத்து ஒரு சின்னக் கொக்கியை ஒட்டுங்கள். பசை நன்றாகக் காய வேண்டும். என் முதல் குண்டு இரண்டாவது ஆட்டத்திலேயே கழன்று வாளிக்குள் விழுந்தது. மெல்லிய தூண்டில் நரம்பில் கட்டித் தொங்கவிடுங்கள். தொங்கும் இடத்திலிருந்து குண்டின் மையம் வரை சரியாக 1 மீட்டர். நரம்பின் மேல்நுனியைக் கட்டும் இடம் அசையக் கூடாது, ஜன்னல் கம்பி நல்லது. குண்டு மட்டும் தண்ணீருக்குள் மூழ்கினால் போதும், நரம்பு காற்றில் இருக்கலாம்.

முதலில் காற்றில் பத்து ஆட்டத்துக்கு நேரம் பாருங்கள். 20.1 நொடி வர வேண்டும். அப்புறம் அடியில் வாளியை வைத்துக் குண்டு நடு ஆழத்தில் இருக்கும்படி தண்ணீர் ஊற்றுங்கள். அகலமான வாளி, குண்டிலிருந்து சுவர் பத்து செ.மீ.க்குக் குறையாமல். ஐந்து செ.மீ. விலக்கி விடுங்கள், தள்ளக் கூடாது.

மிதப்பு விசையை மட்டும் கணக்கில் எடுத்தால் பத்து ஆட்டத்துக்கு 21.5 நொடி வர வேண்டும். குண்டின் எடை குறைந்துவிட்டது, அதனால் ஊசல் மெதுவாகிறது. கூடுதல் நிறையையும் சேர்த்தால் 22.2. நான் அளந்தபோது ஒவ்வொரு தடவையும் 22.2ஐக் கொஞ்சம் தாண்டியே வந்தது. முதலில் என் கட்டைவிரலின் தாமதம் என்று நினைத்தேன். விஷயம் வேறு: தண்ணீருக்குப் பாகுத்தன்மை, அதாவது அடுக்குக்கு அடுக்கு உராயும் குணம், இருக்கிறது. குண்டை ஒட்டி ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான மெல்லிய படலம் குண்டோடு இழுபட்டு ஆடுகிறது. அதையும் சேர்த்தால் பாதி என்பது 0.65 அளவுக்கு ஏறி, விடை 22.3 நொடிக்கு மேல் போகிறது. இந்தத் திருத்தத்தைக் கணக்காகப் போட்டவர் இயற்பியலாளர் ஸ்டோக்ஸ், 1850இல்.

நீங்கள் வாளியில் செய்தது புதிய சோதனை இல்லை. பிரெஞ்சுப் பொறியாளர் து புவா 1786இலேயே தண்ணீருக்குள் ஊசல் ஆட்டி, மிதப்பு விசை மட்டும் போதாது என்று கண்டார். அதைப் பெரும்பாலோர் மறந்தேபோனார்கள். 1828இல் வானியலாளர் பெசல், ஊசலைக் கொண்டு புவியீர்ப்பை நுட்பமாக அளக்கும்போது காற்றிலேயே இந்த விளைவைக் கண்டு திரும்பக் கிளப்பினார்.

ஆட்டம் சீக்கிரம் ஓயும், பத்துக்கு மேல் எண்ண முடியாது. ஐந்து தடவை செய்து சராசரி எடுங்கள். போனில் வீடியோ எடுத்து, குண்டு நடுக்கோட்டைத் தாண்டும் ஃபிரேம்களை எண்ணினால் ஸ்டாப்வாட்சைவிடத் துல்லியம்.

படி 6: திசையைக் கேளுங்கள்

கோளத்துக்கு எந்தப் பக்கம் போனாலும் ஒரே கூடுதல் நிறை. படகுக்கு அப்படியில்லை. ஏற்காடு ஏரியில் படகை மேடையில் அணைக்கும் ஆட்களைக் கொஞ்ச நேரம் பாருங்கள். முன்னும் பின்னும் நகர்த்த ஒரு கை போதும். பக்கவாட்டில் ஒட்டவைக்க உடம்பையே கொடுத்துத் தள்ளுகிறார்கள், படகு நிதானமாகத்தான் அசைந்து வருகிறது, வந்தபின் நிறுத்துவதும் அதே பாடு. நீளவாக்கில் படகின் கூடுதல் நிறை அதன் நிறையில் பத்தில் ஒன்றுக்குள் அடங்கிவிடும். பக்கவாட்டில் கிட்டத்தட்ட இன்னொரு படகையே சேர்த்துத் தள்ளுகிற மாதிரி. மேட்டூர் அணை நீர்த்தேக்கத்தில் மீன் பிடிக்கும் பரிசலுக்கு இந்தத் தொல்லை இல்லை. வட்டம் என்பதால் எல்லாத் திசையும் அதற்கு ஒன்றுதான். ஆனால் எந்தத் திசையிலும் நேராக நிற்கவும் மாட்டேன் என்கும்.

திசைக்குத் திசை மாறுவதால் இன்னொரு வேடிக்கையும் நடக்கிறது. ஐந்து ரூபாய் நாணயத்தை விளிம்பு கீழே இருக்கும்படி ஆழமான தண்ணீரில் போடுங்கள். கத்தி மாதிரி நேராக இறங்கும் என்று எதிர்பார்ப்போம். கொஞ்ச தூரம் போனதும் சாய்ந்து படுத்து, அகல முகத்தைக் காட்டிக்கொண்டு தத்தளித்து இறங்கும். சற்றே சாய்ந்து போகும் நீளமான அல்லது தட்டையான பொருளைத் தண்ணீர் குறுக்காகத் திருப்பப் பார்க்கும். மங்க் என்பவர் ஆகாயக் கப்பல்களுக்காக இந்தத் திருப்பு விசையை ஆராய்ந்ததால் மங்க் திருப்புத்திறன் என்று பெயர். நீர்மூழ்கிக்கும் டார்பிடோவுக்கும் வாலில் துடுப்பு வைப்பதில் இதை அடக்கும் வேலையும் ஒன்று.

முழுக் கணக்கு வேண்டுமானால் மூன்று நகர்வும் மூன்று சுழற்சியும் சேர்ந்து 6×6 அணியாக எழுத வேண்டும். வீட்டில் சின்ன நீர்மூழ்கி பொம்மை செய்பவர்களுக்கு நீளவாக்கு, பக்கவாட்டு, மேல்கீழ் என்று மூன்று எண் போதும்.

படி 7: தண்ணீரே வேகம் மாற்றினால்

இதுவரை தண்ணீர் சும்மா நின்றது, பொருள் கிளம்பியது. தலைகீழாகவும் நடக்கும். அடுத்த முறை ஏற்காடு பஸ்ஸில் ஏறும்போது ஒரு தண்ணீர் பாட்டிலை, பெரிய நெல்லிக்காய் அளவு குமிழி மட்டும் மிச்சமிருக்கும்படி நிரப்பி மூடிக்கொள்ளுங்கள். அதை மடியில், பஸ்ஸுக்குக் குறுக்காகப் படுக்கவையுங்கள். சேலத்திலிருந்து மேலே போக இருபது கொண்டை ஊசி வளைவுகள், சோதனைக்குப் பஞ்சமில்லை. வளைவில் நீங்கள் வெளிப்பக்கம் சாய்வீர்கள், பக்கத்து சீட்டுக்காரர் உங்கள் மேல் சாய்வார். குமிழி மட்டும் உள்பக்கம் ஓடும்.

காரணம் இதுதான். வளைவில் தண்ணீர் முழுவதும் வட்டத்தின் மையத்தை நோக்கி முடுக்கப்படுகிறது. அதைச் செய்ய பாட்டிலின் வெளிப்பக்கம் அழுத்தம் கூடுகிறது, உள்பக்கம் குறைகிறது. அந்த அழுத்த வித்தியாசம் குமிழியின் இடத்தில் தண்ணீர் இருந்திருந்தால் அதை எவ்வளவு தள்ளுமோ அவ்வளவு குமிழியையும் தள்ளுகிறது. குமிழிக்குச் சொந்த நிறை கிடையாது, கூடுதல் நிறை மட்டும்தான். கணக்கை எழுதினால், பரந்த நீரில் இருக்கும் உருண்டைக் குமிழி சுற்றியுள்ள தண்ணீரைப் போல மூன்று மடங்கு முடுக்கம் பெறும். பாட்டிலில் குமிழி சுவரோடு ஒட்டிக்கிடப்பதால் மூன்றை எதிர்பார்க்காதீர்கள், திசையை மட்டும் பாருங்கள்.

கணக்கில் பலரும் விடும் பிழையும் இதுவே. கூடுதல் நிறையைப் பெருக்க வேண்டியது பொருளின் முடுக்கத்தால் அல்ல, பொருளுக்கும் நீருக்கும் உள்ள முடுக்க வித்தியாசத்தால். அதோடு நீரின் முடுக்கத்தால் வரும் அழுத்த விசையைத் தனியாகச் சேர்க்க வேண்டும்.

பெரிய அளவில் பார்க்க வேண்டுமானால் மேட்டூருக்குப் போகலாம். ஸ்டான்லி நீர்த்தேக்கம் 1934இல் திறக்கப்பட்டது, முழுக் கொள்ளளவு நீர்மட்டம் 120 அடி. அதற்கு முந்தைய வருடம்தான், 1933இல், அமெரிக்காவில் வெஸ்டர்கார்ட், நிலநடுக்கத்தில் அணைச் சுவர் முன்னும் பின்னும் ஆடினால் எவ்வளவு தண்ணீர் அதோடு சேர்ந்து ஆடும் என்ற கணக்கை வெளியிட்டார். செங்குத்தான, வளையாத சுவருக்கு அவர் தந்த வாய்பாடு: எட்டில் ஏழு × (மொத்த ஆழம் × மேற்பரப்பிலிருந்து உள்ள ஆழம்) என்பதன் வர்க்கமூலம். வரும் விடை, சுவரோடு ஒட்டி ஆடுவதாக எடுத்துக்கொள்ள வேண்டிய தண்ணீரின் தடிமன். பயிற்சிக்காக 120 அடியைப் போடுங்கள். 30 அடி ஆழத்தில் 52.5 அடித் தடிமன், அடியில் 105 அடி. நீர் சும்மா நிற்கும்போது தரும் அழுத்தத்துக்கு மேல் இது தனிச் சுமை.

படி 8: கணினியில் போடும்போது ஒரு எச்சரிக்கை

பந்து ஏறுவதை ஸ்ப்ரெட்ஷீட்டில் நேரத்தைத் துண்டு துண்டாக வெட்டிக் கணக்கிடுவது நல்ல பயிற்சி. நான் முதலில் செய்தபோது, கூடுதல் நிறையை ஒரு விசையாக நினைத்து வலது பக்கம் வைத்தேன். முந்தைய வரியின் முடுக்கத்தை 16.75 கிராமால் பெருக்கி, மொத்த விசையில் கழித்து, 2.7ஆல் வகுத்தேன். முதல் வரியில் 112 மீட்டர்/நொடி², அடுத்ததில் மைனஸ் 582, அதற்கடுத்து 3,700ஐத் தாண்டியது. பந்து தொட்டிக்குள் மேலும் கீழும் வெறிபிடித்து ஆடியது. நேரத் துண்டை எவ்வளவு சின்னதாக்கினாலும் அடங்கவில்லை. ஒரு சாயங்காலம் முழுக்க வீண்.

காரணம் எளிது: கூடுதல் நிறை சொந்த நிறையைப் போல 6.2 மடங்கு, ஆகவே பிழை ஒவ்வொரு வரியிலும் 6.2 மடங்காகி, குறியும் மாறுகிறது. நிறையை இடது பக்கம் கொண்டுபோய் இரண்டையும் கூட்டி வகுத்தால் எல்லாம் சாந்தமாகிவிடும். எஃகுக் குண்டுக்கு இந்தத் தப்பு தெரியவே தெரியாது. அதனால் கனமான பொருளில் சோதித்துப் பார்த்து நிரல் சரி என்று முடிவு கட்டாதீர்கள்.

படி 9: எப்போது விட்டுவிடலாம்

நின்ற நிலையிலிருந்து கிளம்பும் கோளம், தன் விட்டத்தில் முக்கால் பங்கு தூரம் போவதற்குள் இழுவை விசை கூடுதல் நிறையின் பங்கை எட்டிப் பிடித்துவிடும். அதற்கப்புறம் இழுவையின் ராஜ்யம். தட்டை ஆட்டும்போது சின்ன வெட்டாக ஆட்டச் சொன்னது இதற்காகத்தான். நீளமாகத் தள்ளினால் கையில் தெரிவது இழுவை, கூடுதல் நிறை அதில் கரைந்துபோகும். ஆகவே பொருள் தன் அளவைவிடக் குறைந்த தூரமே நகர்கிறது, அல்லது அடிக்கடி திசை மாறுகிறது என்றால் கூடுதல் நிறையை விடவே கூடாது. நெடுந்தூரம் சீரான வேகத்தில் போகிறது என்றால் கிளம்பும் நேரத்துக்கும் நிற்கும் நேரத்துக்கும் மட்டும் சேர்த்தால் போதும். காற்றில் பறக்கும் கிரிக்கெட் பந்துக்கு யாரும் பார்ப்பதில்லை. காற்று அவ்வளவு லேசு.

மிகச் சின்னத் துகளுக்கும் தேவையில்லை. நம் ஊர் ஜவ்வரிசி ஆலைகளில் மரவள்ளிக் கிழங்கை அரைத்த பாலைத் தொட்டியில் நிறுத்தி மாவை அடியில் படிய விடுவார்கள். அந்த மாவுத் துகள் மில்லிமீட்டரில் நூறில் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். அது விழத் தொடங்கி, இனி இதற்குமேல் வேகமில்லை என்ற நிலையை எட்ட ஒரு நொடியின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு போதும். அதற்கப்புறம் தொட்டியின் அடி வரும்வரை, மணிக்கணக்கில், ஒரே வேகம். அங்கே போடவேண்டிய கணக்கு பாகுத்தன்மையினுடையது.